குதிரையின் பல் சொல்லும் கதை



மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். மாடு வாங்க வருகிறவர் முதலில் மாட்டைச் சுற்றி வந்து பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். பிறகு வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கீழ்த்தாடையின் முன்பக்கம் பால் பற்கள் விழுந்து எத்தனை பெரிய பற்கள் முளைத்திருக்கின்றன என்று எண்ணுவார். இரண்டு பல் என்றால் மாட்டுக்குச் சுமார் இரண்டு வயது. எட்டுப் பல்லும் வந்துவிட்டால் நான்கு வயதை ஒட்டியது. விற்பவர் எந்த வயதையும் சொல்லலாம். ஆனால் பல்லை மாற்ற முடியாது. 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்ற பழமொழியும் இந்த வழக்கத்தில் பிறந்ததுதான்.

குதிரைக்கும் இப்படித்தான் வயது பார்க்கிறார்கள். இரண்டரை வயதில் முன்பற்கள் மாறத் தொடங்கும். ஐந்து வயதில் எல்லாம் மாறி முடியும். அதற்குப் பிறகு பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வார்கள்.

குதிரையின் பல்லில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது ஒரு குதிரையின் வயது அல்ல. குதிரை என்ற இனமே கடந்து வந்த வழி. சுமார் 5 கோடியே 50 லட்சம் ஆண்டுகளின் வரலாறு. அந்தச் செய்தி முன்பற்களில் அதிகம் இல்லை. வாயின் உள்ளே, கன்னத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் கடைவாய்ப் பற்களில் இருக்கிறது. இன்றைய பேச்சு அந்தக் கடைவாய்ப் பல்லைப் பற்றியதுதான்.

குதிரையின் வாய்க்குள் ஒரு திருகை

குதிரையின் வாயில் முன்பக்கம் வெட்டுப் பற்கள் உள்ளன. புல்லைக் கடித்து அறுப்பது அவற்றின் வேலை. அதற்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி. கடிவாளம் தங்குவது அந்த இடைவெளியில்தான். அதற்கும் பின்னால் அரைக்கும் பற்கள். மேலே ஒரு பக்கத்துக்கு 6, கீழே ஒரு பக்கத்துக்கு 6. மொத்தம் 24. இந்த ஆறு பற்களும் இடைவெளி இல்லாமல் செங்கல் அடுக்கியதுபோல் நெருங்கி நிற்கும். ஆறும் சேர்ந்து ஒரே அரைகல்லாக வேலை செய்யும்.

ஈறுக்கு வெளியே தெரியும் பல் கொஞ்சம்தான். பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. இளம் குதிரையின் கடைவாய்ப் பல் ஒன்றை முழுதாக எடுத்தால் 7, 8 செ.மீ. நீளம் இருக்கும். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் அளவு. மேல்பக்கம் தேயத் தேய, உள்ளே இருக்கும் பகுதி மெல்ல மெல்ல வெளியே வரும். ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை தேயும். அதே அளவு வெளியே வரும். இது நகம் வளர்வதுபோல் வளர்வது அல்ல. இருப்பில் இருப்பதை எடுத்துச் செலவழிப்பது. இருப்பு தீர்ந்தால் பல் இல்லை.

அரைக்கும் பரப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் அம்மி, ஆட்டுக்கல், திருகை வைத்திருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நாளாக ஆகக் கல் வழவழப்பாகிவிடும். அப்போது சரியாக அரைபடாது. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தெருவில் அம்மி கொத்த வருபவருக்காகக் காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கலாம். குதிரையின் பல்லுக்கு அந்த வேலை தேவையில்லை. அது தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது.

எப்படி? அந்தப் பல்லில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. இரண்டாவது டென்டைன். யானைத் தந்தம் இந்தப் பொருளால் ஆனது. எனாமலைவிட மென்மையானது. மூன்றாவது பற்காரை. நம் பல்லில் இது வேரை மட்டும் சுற்றியிருக்கும். குதிரைப் பல்லில் மேல்பகுதியையும் மூடியிருக்கும். இந்த மூன்றும் வளைந்தும் மடிந்தும் ஒன்றை ஒட்டி ஒன்று நிற்கின்றன. அரைக்கும்போது மென்மையான டென்டைனும் பற்காரையும் சீக்கிரம் தேயும். எனாமல் மெதுவாகத் தேயும். அதனால் எனாமல் எப்போதும் வரம்பு வரம்பாக மேலே துருத்தி நிற்கும். பல் தேயும்வரை அரைகல் சொரசொரப்பாகவே இருக்கும்.

ஏன் இவ்வளவு பெரிய பல்?

குதிரை புல் தின்று வாழும் விலங்கு. புல் மென்மையானது என்று நினைக்கிறோம். கரும்புத் தோகை கையைக் கீறியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கரும்பும் ஒரு புல்தான். நெல்லும் புல்தான். புல் இனச் செடிகளின் உடலில் சிலிக்கா என்ற பொருள் நுண்ணிய துகள்களாக இருக்கிறது. மணலில் இருப்பதும் இதே பொருள்தான். நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான்.

இன்னொன்றும் உண்டு. புல் தரையை ஒட்டி வளர்கிறது. காற்றில் வரும் தூசியும் மண்ணும் அதன்மேல் படிகின்றன. புல்லை மேயும் விலங்கு மண்ணையும் சேர்த்து மெல்லுகிறது. பல் தேய்வதற்கு இந்த மண்ணும் பெரிய காரணம் என்று இன்றைய அறிஞர்கள் சொல்கிறார்கள்.

மாடும் புல் தின்கிறது. ஆனால் மாடு முதலில் விழுங்கிவிட்டு, வயிற்றில் ஊறவைத்து, பிறகு வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். குதிரை அசை போடுவதில்லை. ஒருமுறை மென்று விழுங்கினால் முடிந்தது. அந்த ஒரே முறையில் நன்றாக அரைத்தாக வேண்டும். திறந்த வெளியில் மேயும் குதிரை ஒரு நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை மேய்வதிலேயே கழிக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல்லின் உயரம் 80 மி.மீ. ஆண்டுக்கு 3 மி.மீ. தேய்கிறது. 80ஐ 3ஆல் வகுத்தால் 26க்கு மேல் வரும். குதிரை 25, 30 ஆண்டுகள் வாழ்வதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. சரி, பல்லின் உயரம் 8 மி.மீ. மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் தேய்ந்தால்? மூன்று ஆண்டுகூடத் தாங்காது. பெட்டைக் குதிரை முதல் குட்டி போடும் வயதே மூன்று, நான்கு. பல் தீர்ந்த குதிரைக்கு முன்னால் எவ்வளவு புல் இருந்தாலும் பயனில்லை.

ஆனால் 8 மி.மீ. உயரப் பல்லோடு குதிரைகள் ஒரு காலத்தில் வாழ்ந்தன. அவை எப்படி வாழ்ந்தன? பிறகு பல் எப்படி உயர்ந்தது? பூமிக்குள் புதைந்து கிடந்த பற்கள்தான் இதற்கு விடை தந்தன.

மண்ணில் கிடைத்த பற்கள்

விலங்கு இறந்தால் தோலும் சதையும் அழுகிவிடும். எலும்பும் பெரும்பாலும் மக்கிவிடும். ஆனால் எனாமல் எளிதில் அழியாது. சேற்றிலும் மணலிலும் புதைந்த பற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் கல்போல் கிடைக்கின்றன. இப்படிக் கிடைப்பவற்றைப் புதைபடிவம் என்று சொல்கிறோம். எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்பதை வைத்து அதன் காலத்தைக் கணிக்கிறார்கள்.

1833இல் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 24. அர்ஜென்டினாவில் பரானா ஆற்றுப் பகுதியில் ஒரு குதிரைப் பல் அவருக்குக் கிடைத்தது. அழிந்துபோன பழைய விலங்குகளின் எலும்புகள் கிடந்த அதே மண்ணில் அது கிடந்தது. டார்வின் வியப்படைந்தார். ஏனென்றால், ஐரோப்பியர் அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே குதிரையே கிடையாது. 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில்தான் குதிரைகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார். அப்படியானால் இந்தப் பல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவன் அதை ஆராய்ந்தார். அது அழிந்துபோன ஒரு குதிரை இனத்தின் பல் என்று சொன்னார். குதிரை இல்லாத நாடு என்று நினைத்த நாட்டில் முன்பு குதிரை இருந்திருக்கிறது என்று ஒரு பல் காட்டியது.

அதே ஓவனிடம் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் களிமண்ணில் கிடைத்த ஒரு சிறிய மண்டை ஓடும் வந்தது. அதன் பற்கள் குட்டையானவை. சின்னச் சின்ன மேடுகள் கொண்டவை. ஆப்பிரிக்காவில் ஹைராக்ஸ் என்று முயல் அளவுள்ள ஒரு விலங்கு இருக்கிறது. புதிய விலங்கு அதைப் போன்றது என்று ஓவன் எண்ணினார். 1841இல் அதற்கு ஹைரகோதீரியம் என்று பெயர் வைத்தார். ஹைராக்ஸ் போன்ற விலங்கு என்பது அதன் பொருள். குதிரையின் மிகப் பழைய உறவினர் தம் கையில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. நடுவில் இருந்த கண்ணிகள் கிடைக்காமல் யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது.

அந்தக் கண்ணிகள் அமெரிக்காவில் கிடைத்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் மார்ஷ் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து ஏராளமான குதிரைப் புதைபடிவங்களைச் சேர்த்தார். 1876இல் இங்கிலாந்திலிருந்து தாமஸ் ஹக்ஸ்லி என்ற அறிஞர் அங்கே வந்தார். குதிரை ஐரோப்பாவில் தோன்றி வளர்ந்தது என்று அதுவரை அவர் பேசிவந்தார். மார்ஷ் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினார். பார்த்து முடித்தபோது ஹக்ஸ்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். குதிரை வளர்ந்த முக்கியமான இடம் வட அமெரிக்கா என்று ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு நியூயார்க்கில் அவர் பொதுமக்களுக்கு ஆற்றிய உரைகளில் இந்தப் பற்களையும் கால் எலும்புகளையும் வைத்தே பேசினார்.

பல் உயர்ந்த விதம்

சுமார் 5 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகம் இன்றைக்கு இருப்பதைவிட வெப்பமாக இருந்தது. வட அமெரிக்காவில் அடர்ந்த காடுகள் இருந்தன. அந்தக் காட்டில் நரி அளவுள்ள ஒரு சிறு விலங்கு வாழ்ந்தது. இதற்கு மார்ஷ் இயோஹிப்பஸ் என்று பெயர் வைத்தார். விடியற்காலைக் குதிரை என்பது பொருள். முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று விரல்கள். கடைவாய்ப் பல்லின் உயரம் சுமார் அரை செ.மீ.தான். நம் கடைவாய்ப் பல்லில் இருப்பதுபோல் மேடுகள் இருந்தன. பழத்தையும் இளந்தளிரையும் நசுக்கித் தின்ன அது போதும். ஆறு பற்களும் ஒரே மாதிரி இல்லை. முன்னால் இருந்தவை ஒடுங்கியவை. பின்னால் இருந்த மூன்று மட்டும் அகலமானவை.

சுமார் 3 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மீசோஹிப்பஸ் என்ற குதிரை வாழ்ந்தது. ஆட்டின் அளவு. காலுக்கு மூன்று விரல்கள். ஒடுங்கியிருந்த முன்கடைவாய்ப் பற்களில் மூன்று, இப்போது பின்பற்களைப் போலவே அகலமாகிவிட்டன. ஆறு பற்களும் அரைக்கும் பற்களாகிவிட்டன. தனித்தனி மேடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரம்புகளாயின. ஆனால் உயரம் அதிகம் கூடவில்லை. சுமார் 8 மி.மீ.தான். முன்பு கணக்குப் போட்ட 8 மி.மீ. பல் இதுதான். இந்தக் குதிரை இலை தின்று வாழ்ந்தது. இலைக்கு அந்தப் பல் போதுமானதாக இருந்தது.

பூமி மெல்ல மெல்லக் குளிர்ந்தது. மழை குறைந்தது. காடு சுருங்கியது. நடுவில் வெட்டவெளிகளும் புல்வெளிகளும் பரவின. சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெரிகிப்பஸ் என்ற குதிரைகள் தோன்றின. இவற்றின் கடைவாய்ப் பல் 3 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தது. உயர்ந்த பல்லில் வரம்புகள் மெல்லிய தகடுகள்போல் நின்றன. தனியாக நின்றால் முறிந்துவிடும். அந்த இடைவெளிகளைப் பற்காரை நிரப்பிப் பிடித்துக்கொண்டது. கல்லுக்குக் கல் நடுவே சுண்ணாம்புக் காரை பூசியதுபோல.

பல் உயர்ந்ததால் தாடையும் ஆழமாக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய பல்லை எங்கே வைப்பது? குதிரையின் முகம் நீண்டு, கண்கள் பின்னால் தள்ளி இருப்பதற்கு இந்தப் பற்களும் ஒரு காரணம். இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் எக்குவஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பொது மூதாதை வாழ்ந்தது சுமார் 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

யார் உயர்த்தினார்கள்?

'புல் தின்ன வேண்டும், பல் உயர வேண்டும்' என்று எந்தக் குதிரையும் நினைக்கவில்லை. நினைத்தாலும் பல் வளராது. பிறகு எப்படி நடந்தது?

ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் பல் முடியளவு உயரமாக இருக்கும். இன்னொன்றின் பல் முடியளவு குட்டையாக இருக்கும். இலை தின்னும் காலத்தில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. மண்ணும் சிலிக்காவும் கலந்த தீனி தின்னும் காலத்தில் அது பெரிதாகிவிடுகிறது. உயரமான பல் உள்ள குதிரைக்குப் பல் ஓர் ஆண்டு கூடுதலாக உழைக்கும். அந்த ஓர் ஆண்டில் அது இன்னொரு குட்டி போடும். அந்தக் குட்டிக்கும் தாயைப்போல் உயரமான பல் இருக்க வாய்ப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால் மந்தையில் உயரமான பல் உள்ளவை பெருகும். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுதான்.

இது எவ்வளவு வேகமாக நடந்தது? இதை அளந்தவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற ஆங்கில அறிஞர் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறினார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணிபுரிந்தார். இந்தியக் குடிமகனானார். 1964இல் புவனேஸ்வரில் காலமானார். அவர் இந்தியா வருவதற்கு முன்பு, 1949இல், உயிரினங்கள் மாறும் வேகத்தை அளக்க ஓர் அலகை முன்வைத்தார். தூரத்துக்கு மீட்டர் போல, இதற்கு 'டார்வின்' என்று பெயரிட்டார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் எடுத்துக்கொண்டது குதிரையின் பல்லைத்தான்.

அவர் கணக்குப்படி, குதிரைப் பல்லின் மாற்றம் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சுமார் 4 விழுக்காடு. அதாவது 10 மி.மீ. பல் 10.4 மி.மீ. ஆக உயரப் பத்து லட்சம் ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு 5 ஆண்டு என்று வைத்தால் இரண்டு லட்சம் தலைமுறைகள். அருகில் இருந்து பார்த்தாலும் யாருக்கும் மாற்றம் தெரிந்திருக்காது. பாட்டிக் குதிரைக்கும் பேத்திக் குதிரைக்கும் பல் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

ஏணி அல்ல, புதர்

பள்ளிப் புத்தகங்களில் ஒரு படம் வரும். சிறிய குதிரை, கொஞ்சம் பெரியது, இன்னும் பெரியது, கடைசியில் இன்றைய குதிரை. ஏணிப்படி ஏறுவதுபோல் வரிசையாக நிற்கும். இந்தப் படம் பாதிதான் சரி.

1873இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் ஐரோப்பாவில் கிடைத்த புதைபடிவங்களை ஆராய்ந்தார். குட்டைப் பல் உயர்ந்ததற்கும் புல் தின்னத் தொடங்கியதற்கும் தொடர்பு உண்டு என்று விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் அவர் அடுக்கிய வரிசை சரியல்ல. ஐரோப்பாவில் கிடைத்தவை ஒன்றுக்கு ஒன்று தாயும் பிள்ளையும் அல்ல. அமெரிக்காவிலிருந்து வெவ்வேறு காலத்தில் பிரிந்து வந்த தனித்தனிக் கிளைகள் அவை.

1951இல் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் என்ற அமெரிக்க அறிஞர் குதிரைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரையின் குடும்பம் ஏணி அல்ல, கிளைகள் நிறைந்த புதர் என்று அதில் காட்டினார். சுமார் 1 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் ஒரே காலத்தில் பலவகைக் குதிரைகள் வாழ்ந்தன. சிலவற்றுக்கு உயரமான பல். சிலவற்றுக்குக் குட்டைப் பல். குட்டைப் பல் குதிரைகள் இலை தின்று பல லட்சம் ஆண்டுகள் நன்றாகவே வாழ்ந்தன. காடு குறையக் குறைய அவற்றின் தீனி குறைந்தது. அவை அழிந்தன.

பல் உயர்ந்ததும் புல்வெளி வந்த உடனே நடக்கவில்லை. செடி மக்கினாலும் அதன் சிலிக்காத் துகள்கள் மண்ணில் தங்கிவிடும். கரோலின் ஸ்ட்ரோம்பெர்க் என்ற பெண் அறிஞர் அமெரிக்கச் சமவெளியின் பழைய மண் அடுக்குகளில் இந்தத் துகள்களைத் தேடினார். 2006இல் தம் முடிவை வெளியிட்டார். புல்வெளி பரவியதற்கும் உயரமான பல் பரவியதற்கும் நடுவே குறைந்தது 40 லட்சம் ஆண்டுகள் இடைவெளி இருந்தது என்று அவர் காட்டினார். நிலம் முதலில் மாறியது. பல் பின்னால் வந்தது.

உயரமான பல் இருந்தால் புல்தான் தின்றது என்றும் சொல்லிவிட முடியாது. புல் தின்றால் பல்லில் நுண்ணிய கீறல்கள் விழும். இலை தின்றால் குழிகள் அதிகம் விழும். சோளம், கம்பு, கரும்பு போன்ற வெப்பநிலப் புல் வகைகளைத் தின்றால் எனாமலில் உள்ள கார்பனில் தனி அடையாளம் தங்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு வகைக் குதிரைகள் ஒன்றாக வாழ்ந்தன. ஆறுக்கும் உயரமான பல். எல்லாம் புல் தின்றவை என்றே முன்பு நினைத்தார்கள். 1999இல் அந்தப் பற்களை இந்த இரண்டு வழிகளிலும் சோதித்தார்கள். சில புல் தின்றவை. சில இரண்டும் தின்றவை. சில மீண்டும் இலைக்கே திரும்பியவை. பல்லின் உருவம் முன்னோர் தின்றதைச் சொல்கிறது. பல்லின் கீறல் அந்தக் குதிரையே தின்றதைச் சொல்கிறது.

நம் நாட்டு மண்ணில்

இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஹியூ பால்கனர் என்ற மருத்துவரும், கங்கைக் கால்வாயைக் கட்டிய பொறியாளர் பிராபி காட்லியும் அங்கே ஏராளமான புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். அவற்றில் ஒரு பழங்குதிரையின் பற்களும் இருந்தன. 1849இல் அதற்கு எக்குவஸ் சிவாலென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் முந்தைய அடுக்குகளில் ஹிப்பாரியன் என்ற மூன்று விரல் குதிரையின் பற்கள் கிடைக்கின்றன. சுமார் 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து நிலவழியாக ஆசியாவுக்கு வந்து பரவிய இனத்தின் வழிவந்தவை அவை.

குஜராத்தில் சூரத் பகுதியில் வஸ்தான் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. நெய்வேலியில் எடுப்பது போன்ற நிலக்கரிதான். அங்கே சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டு பழமையான காம்பேதீரியம் என்ற விலங்கின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன. இந்திய, அமெரிக்க அறிஞர்கள் அடங்கிய குழு 2014இல் இதைப் பற்றி எழுதியது. குதிரை, காண்டாமிருகம், டேப்பிர் ஆகிய மூன்றுக்கும் பொதுவான குடும்பத்துக்கு இது நெருங்கிய உறவு. அந்தக் குடும்பம் இந்தியாவிலேயே தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இன்றைய பல்லுக்கு இன்றைய கவனிப்பு

2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. கழுதைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். வண்டி இழுத்தும் செங்கல் சூளையில் சுமை தூக்கியும் மலைப்பாதையில் ஆட்களைச் சுமந்தும் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போடுபவை இவை. இந்த விலங்குகளின் வாயிலும் அதே பற்கள்தான் இருக்கின்றன.

அந்தப் பல் நாள் முழுவதும் புல்லை அரைப்பதற்கு ஏற்ற பல். கட்டிப்போட்டுத் தானியத்தையும் தவிட்டையும் மட்டும் கொடுத்தால் பல் எங்கும் சமமாகத் தேயாது. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் கூர்மையாகிவிடும். அவை கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அப்போது குதிரை மெதுவாகத் தின்னும். பாதி மென்ற தீனியை உருட்டிக் கீழே போடும். லத்தியில் முழுத் தானியம் வரும். உடல் மெலியும். கடிவாளத்தைப் போடவிடாமல் தலையை ஆட்டும். இதைச் சோம்பல் என்றும் முரட்டுத்தனம் என்றும் நினைத்து அடிப்பவர்கள் உண்டு. அடித்துப் பயனில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் வாயைத் திறந்து பார்த்து, கூர்மையான ஓரங்களை அரத்தால் தேய்த்துவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லைக் காட்டுவது நல்லது. நார் உள்ள புல்லும் வைக்கோலும் தினமும் கொடுக்க வேண்டும். பல் தேய்ந்த கிழக் குதிரைக்கு ஊறவைத்த மென்மையான தீனி தர வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. குதிரை வளர்ந்த வட அமெரிக்காவிலேயே சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குதிரை அழிந்துபோனது. பருவநிலை மாறியதும் மனிதர் வேட்டையாடியதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவ்வளவு உயர்ந்த பல்லும் அதைக் காப்பாற்றவில்லை. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் முன்பே பரவிய கிளைகள்தான் மிஞ்சின. ஒரு காலத்தில் புதராக இருந்த குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது எக்குவஸ் என்ற ஒரே கிளை.

அந்தக் கிளையின் ஒரு கொழுந்து நம் நாட்டிலும் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் சிறிய ரண் பகுதியில் வாழும் காட்டுக்கழுதை அது. 1960களில் சில நூறுகளாகக் குறைந்துபோன இனம். சரணாலயம் அமைத்துக் காத்ததால், 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,672 ஆகப் பெருகியிருந்தது. உப்பு மண் படிந்த காய்ந்த புல்லை அது மென்று தின்கிறது. இரண்டு கோடி ஆண்டுகளில் உருவான பல் அதற்கு உதவுகிறது.

நிலத்தை மனிதர் இன்று சில பத்து ஆண்டுகளில் மாற்றிவிடுகிறார்கள். பல் அந்த வேகத்துக்கு மாறாது. 4 விழுக்காடு உயரவே அதற்குச் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுகள் வேண்டும். ஆகவே மேய்ச்சல் நிலத்தைக் காப்பதுதான் அந்த விலங்குகளைக் காக்கும் வழி.

அடுத்த முறை சந்தையில் யாராவது ஒரு குதிரையின் வாயைத் திறந்து பார்த்தால், நீங்களும் எட்டிப் பாருங்கள். முன்பல்லோடு நின்றுவிடாமல் உள்ளேயும் பாருங்கள்.